விதைநெல்லும் விருந்தும்

முன்னுரை

சென்ற ஆண்டு பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் திருவிழா. அதனைக் காண என் தந்தையார் மதுராந்தகம் வட்டத்திலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து காலையிலேயே புறப்பட்டு வந்திருந்தார். நான் விடுதியிலிருந்து சென்று, அவரை அழைத்துக்கொண்டு கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளைச் சுற்றி வந்தேன். வெயில் கடுமையாக இருந்தது. பத்தடிக்கு ஒரு பந்தல். ஒன்றில் நீர்மோர், ஒன்றில் பானகம், ஒன்றில் புளியோதரை, ஒன்றில் தயிர்ச்சோறு. கொடுப்பவர் முகத்திலும் மகிழ்ச்சி. வாங்குபவர் முகத்திலும் மகிழ்ச்சி. யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பந்தலில் எங்களுக்குத் தொன்னையில் சாம்பார்ச் சோறு கொடுத்தார்கள். தந்தையார் ஒரு கடைப்படியில் அமர்ந்து உண்டார். நடுவே ஒரு பருக்கையை இரு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு பந்தலில் நின்ற இளைஞரிடம், "இது எந்த ஊரு நெல்லுங்க தம்பி?" என்று கேட்டார். இளைஞருக்குக் கேள்வி விளங்கவில்லை. "கடையில மூட்டையா வாங்கினோம் பெரியவரே. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று அன்போடு கேட்டார். தந்தையார் போதும் என்று கையைக் காட்டினார்.

மாலையில் நாயன்மார் திருமேனிகள் பல்லக்குகளில் வரிசையாக எழுந்தருளின. "இவர்களுள் ஒருவர் நம்மைப் போல உழவர், அப்பா" என்று சொல்லி, இளையான்குடி மாறனாரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். விதைத்த நெல்லை வாரி வந்து விருந்தினருக்குச் சமைத்த இடத்தில் தந்தையார் என்னை நிறுத்தினார். "விதையையா எடுத்து ஆக்கினாங்க?" என்றார். ஆமென்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஆளு வயல்ல எறங்குற வரைக்கும் ஊர்க்காரங்க என்னடா பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டார்.

மூன்றாண்டுகளாகத் தமிழ் இலக்கியம் பயிலும் எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. பாடநூலில் அந்தக் கேள்வியே இல்லை. மாறனாரின் விருந்தோம்பற் சிறப்பு யாது என்றுதான் தேர்வில் கேட்பார்கள். தந்தையாரின் கேள்வியை மனத்திற்கொண்டு படித்ததன் பயனாக எழுந்ததே இக்கட்டுரை.

மயிலையும் சோறும்

பலரும் கூடி உண்பது மயிலாப்பூருக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இவ்வூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகமே இதற்குச் சான்று. சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். அவளுடைய எலும்பும் சாம்பலும் அடங்கிய குடத்தின் முன் நின்று சம்பந்தர் பாடினார் என்பது வரலாறு. இந்த விழாவைக் காணாமலே போய்விடுவாயோ என்று பாட்டுக்குப் பாட்டு அவளைக் கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அக்கால மயிலையின் விழாக்கள் அதில் வரிசையாக வருகின்றன.

நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பதிகத்தின் முதற்பாட்டு எந்த விழாவையும் சொல்லவில்லை. அடியார் கூட்டத்துக்குச் சோறு சமைத்து இடுவதையே சொல்கிறது. தைப்பூசத்தைச் சொல்லும் பாட்டிலும் நெய் கலந்த புழுக்கற் சோறு வருகிறது. இறந்த பெண்ணை உலகத்துக்குத் திரும்ப அழைக்க விரும்பியவர் முதலில் காட்டியது பந்தியை! உயிரோடிருப்பதன் இன்பங்களுள் பலரோடு கூடி உண்பதை அவர் தலைமையாக வைத்தார் எனலாம்.

இன்றும் அந்த மரபு அறவில்லை. அறுபத்துமூவர் விழா நாளில் வீட்டார், கடைக்காரர், சங்கத்தார் எனப் பலரும் வீதியிலே உணவளிக்கின்றனர். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சோற்றுக்குக் குறைவில்லை. சோறு எங்கிருந்து வந்தது என்ற நினைவுதான் குறைந்திருக்கிறது. தந்தையார் அந்த இளைஞரிடம் கேட்டது குறைசொல்லும் கேள்வியன்று. உறவு விசாரிக்கும் கேள்வி. நம் வீட்டுக்கு வந்தவரை எந்த ஊர் என்று கேட்பதில்லையா? அதுபோலத்தான் அவர் நெல்லைக் கேட்டார்.

இளையான்குடியில் ஓர் இரவு

இனி மாறனாரிடம் வருவோம். பெரியபுராணத்தை இயற்றிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். சென்னையை அடுத்த குன்றத்தூரில், வேளாளர் குடியில் பிறந்தவர். ஆதலின் உழவரின் வாழ்வை அவர் வெளியில் நின்று எழுதவில்லை. மாறனார் வரலாற்றை உழவர் கண்கொண்டு படித்தால் இது புலனாகும்.

மாறனார் வயல்வளம் மிக்கவர். தம் நிலத்தில் விளைந்ததைக் கொண்டு நாள்தோறும் அடியார்க்கு உணவளித்தார். நாளடைவில் செல்வம் சுருங்கியது. நிலங்களை விற்றார், தீர்க்க முடியாத அளவுக்குக் கடன்பட்டார். விருந்தை மட்டும் விடவில்லை. ஒரு மாரிக்காலத்து இரவில், பகலெல்லாம் உண்ணாத பசியோடு கதவை அடைத்திருந்த வேளையில், நனைந்த உடலோடு ஓர் அடியார் வந்தார். மாறனார் அவருடைய ஈரத்தைத் துடைத்து, இருக்கை தந்து, மனைவியாரிடம் சென்று என்ன செய்வது என்று கேட்டார்.

வீட்டில் ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தார் இதற்குமுன் கொடுத்துவிட்டார்கள், இனிக் கேட்பதற்கு முகமில்லை, நேரமும் ஆகிவிட்டது. பகலில் விதைத்த நெல்முளையை வாரி வந்தால் ஆகும். வேறு வழியில்லை என்றவர் அந்த அம்மையார்தாம். இருளில், பெருமழையில், மாறனார் பெரியதொரு கூடையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். கண்ணுக்கு வழி தெரியவில்லை. காலால் தடவித் தடவி நடந்தார். நீரோட்டத்தில் ஒதுங்கிக் கிடந்த வெண்முளைகளைக் கோலி வாரிக் கூடையை நிறைத்துச் சுமந்து திரும்பினார்.

வாயிலில் காத்திருந்த மனைவியார் முளையிலிருந்த சேற்றைக் கழுவினார். விறகில்லை என்றார். மாறனார் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தந்தார். அம்மையார் ஈர முளையைச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி, குற்றி அரிசியாக்கிச் சோறு சமைத்தார். கறிக்கு என்ன செய்வது? மாறனார் கொல்லைக்குச் சென்று, இன்னும் வளர்ந்து நிரம்பாத இளம்பயிரைக் கையாலே பறித்து வந்தார். அந்த ஒரே கீரையைக் கொண்டு அம்மையார் பலவகைக் கறிகளை ஆக்கினார். விருந்தினரை உணவுக்கு எழுப்பச் சென்றபோது அவர் ஒளியாகி மறைந்தார்; இறைவன் உமையோடு காட்சி தந்து இருவரையும் ஆட்கொண்டான்.

வயலிலிருந்து நெல், கூரையிலிருந்து விறகு, கொல்லையிலிருந்து கீரை! அந்த விருந்தில் விலைக்கு வாங்கியது ஒன்றும் இல்லை. உழவர் வீட்டு உணவு என்பதன் முழு உருவம் இதுவே. ஆனால் அன்று அந்த வீட்டில் அடுத்த ஆண்டின் விளைச்சலும், தலைக்கு மேலிருந்த நிழலும், வளரவேண்டிய பயிரும் ஒரே அடுப்பில் எரிந்தன என்பதையும் மறத்தலாகாது.

முளை என்பது யாது?

நகரத்து நண்பர்களுக்காக இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். சேற்றில் நேரடியாக விதைப்பதற்கு நெல்லை அப்படியே தெளிப்பதில்லை. ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்து, பிறகு நீரை வடித்து, சாக்கில் கட்டி மற்றொரு நாள் இருட்டில் மூடி வைப்பார்கள். அதில் வெண்ணிறமான சிறுமுளை அரும்பும். சமப்படுத்திய சேற்றில் மெல்லிய நீர்ப்படலத்தை நிறுத்தி அம்முளையைத் தெளித்து, பிறகு நீரை வடிப்பார்கள். முளை சேற்றைப் பற்றி வேர்விடும்வரை பெருமழை வரக்கூடாது. வந்தால் முளை மிதக்கும். மிதந்து வரப்போரம் குவியும்.

சேக்கிழார் மாறனாரை வயல் முழுவதும் சேற்றைக் கிளறவிடவில்லை. நீர்வழியே ஒதுங்கிய முளைகளை வாரியதாகவே சொல்கிறார். இதனைத் தந்தையாரிடம் பிறகு படித்துக் காட்டியபோது அவர் உடனே தலையசைத்தார். "சரியாத்தான் எழுதியிருக்காரு. மழை கொட்டினா மொளை அப்படித்தான் மூலையில ஒதுங்கும். ஆனாலும் அது கெட்டுப்போன விதை இல்லடா. விடிஞ்சதும் தண்ணியை வடிச்சிட்டு, வாரி மறுபடியும் தெளிச்சா பொழைச்சுக்கும்" என்றார். ஆகவே மாறனார் வாரியது வீணாய்ப்போன நெல்லன்று. விடிந்தால் பிழைத்திருக்கக்கூடிய நெல். கொடையின் அளவை நான் புரிந்துகொண்டது அப்போதுதான்.

இதனைத் தந்தையார் நூலிலிருந்து அறிந்தவரல்லர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வயலிலும் இது நிகழ்ந்தது. விதைத்த அன்றிரவே மழை. நடுநிசியில் அவர் மடையைத் திறக்க ஓடினார். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் சென்றேன். விடியற்காலையில் ஒதுங்கிய முளையில் ஒரு பகுதியே கிடைத்தது. மற்றது வாய்க்காலோடு போய்விட்டது. வீட்டில் வேறு விதையில்லை. அன்று பகலில் பக்கத்து நிலத்துக்காரர் மூவர், நாங்கள் கேட்காமலே, தங்கள் விதையில் ஆளுக்கொரு பங்கு கொண்டு வந்து எங்கள் திண்ணையில் இறக்கினார்கள். அறுவடையில் அளந்து திருப்பிக் கொடுத்தோம். "ஊர்க்காரங்க என்னடா பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று தந்தையார் மயிலையில் கேட்டதற்கு இதுவே காரணம்.

ஒரு குறளின் பொருள்

இக்கேள்வியோடு திருக்குறளைத் திறந்தேன். வள்ளுவர் மயிலையில் பிறந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருக்கு அங்கே கோயிலும் உண்டு. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அதில் 85ஆம் குறள் விருந்தையும் விதையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. வந்த விருந்தினரை முதலில் உண்பித்து, எஞ்சியதை உண்பவனுடைய நிலத்துக்கு வித்தும் இடவேண்டுமோ என்று வினவுகிறது. பரிமேலழகர், வேண்டா, அந்நிலம் தானே விளையும் என்று கொண்டார்.

பரிமேலழகரின் புலமைக்கு முன் நான் சிறுவன். எனினும், உழவர் வீட்டில் பிறந்தவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கலாம் அல்லவா? நிலம் தானே விளைவதை நாங்கள் கண்டதில்லை. விதைத்தால்தான் விளையும், சில ஆண்டுகளில் விதைத்தாலும் விளைவதில்லை. அப்படியானால் வள்ளுவர் கேட்டதன் கருத்து என்ன? விருந்தளித்தவன் வித்திடவேண்டுமோ என்றுதான் கேட்டிருக்கிறார். வித்தே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவன் இடவேண்டியதில்லை என்றால் யார் இடுவார்? அவன் கையால் உண்டவர் இடுவார். எங்கள் திண்ணையில் விதையை இறக்கிய மூவரும் என் தாயாரின் கையால் பலமுறை உண்டவர்கள். இப்பொருளைக் குறளுக்கு உரையாக நான் நிறுவ முயலவில்லை. இப்படியும் படிக்கலாம் என்று மட்டும் கூறுகிறேன்.

இவ்வாறு படித்தால் மாறனார் வரலாற்றின் மறுபக்கம் தெரிகிறது. அவ்வீட்டில் உண்டவர் எத்தனையோ பேர். நிலம் விற்கப்பட்டபோதும் கடன் ஏறியபோதும் உண்டவர்கள் வித்தோடு திரும்பி வந்ததாகக் கதையில் இல்லை. அக்கம்பக்கத்தார் சில நாள் கொடுத்தார்கள்; அதுவும் ஓய்ந்தது. இறுதியில் இறைவனே வந்தான். இறைவன் வந்தது மாறனாரின் பெருமை. இறைவனே வரவேண்டியிருந்தது ஊரின் குறை. இதுவே தந்தையாரின் கேள்விக்கு நான் கண்ட விடை.

பந்தியில் இடமில்லாதவர்

உண்மையைச் சொல்வதானால் இன்னொரு குறையும் உண்டு. நெல்லை விளைவித்த கைகளுக்கெல்லாம் பந்தியில் இடம் இருந்ததா? இல்லை என்பதை நாம் அறிவோம். நாற்று நட்டவர்க்கும் கதிர் அறுத்தவர்க்கும் வாசற்புறத்தில் கஞ்சி ஊற்றிய காலத்தை என் பாட்டியார் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார். கல்விக்கூடத்திலும் இது இருந்தது. சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து 1924-25ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு வரலாற்றையே திருப்பியது. பின்னாளில் கோயில்களில் சமபந்தி விருந்து நடத்தும் வழக்கம் ஏற்பட்டதன் பின்னணி இதுவே. ஒரே வரிசையில் அமர்வது இன்று எளிதாகத் தோன்றுகிறது. அது எளிதாக வந்ததன்று. ஆகவே கூட்டு விருந்து என்று நாம் பெருமை பேசும்போது, யார் அமர்ந்தார் என்பதோடு யார் அமரவில்லை என்பதையும் எண்ணவேண்டும்.

ஏரி இருந்த இடம்

நகரம் வயலை மறந்தது எப்படி என்பதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. தியாகராய நகரின் கடைவீதிகளில் நாம் எல்லோரும் நடந்திருக்கிறோம். அங்கே முன்பு ஒரு நெடிய ஏரி இருந்தது. மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் தொட்டுக்கொண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பைப் பழைய வரைபடங்களில் காணலாம். 1920களில் அதனைத் தூர்த்துக் குடியிருப்பை அமைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் எஞ்சி நிற்கிறது. கரையும் இல்லை, ஏரியும் இல்லை. அவ்வேரிப் பகுதியில்தான் 1976ஆம் ஆண்டில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. விருந்தையும் விதையையும் சேர்த்துப் பாடியவருக்குக் கோட்டம் எழுந்த இடம் ஒரு காலத்தில் நீர் நின்ற இடம்!

நகரை ஆண்டவர்கள் இரக்கமற்றவர்கள் என்று இதனால் சொல்லிவிட முடியாது. தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதுதான், 1920ஆம் ஆண்டில், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கும் திட்டம் ஏற்கப்பட்டது. பசித்த பிள்ளைக்குச் சோறிட்ட மனமும் ஏரியைத் தூர்த்த கையும் ஒரே நகரத்தைச் சேர்ந்தவை. சோறு வேண்டும் என்பது நகரத்துக்குத் தெரிந்திருந்தது. அதற்கு நீரும் நிலமும் வேண்டும் என்பது தொலைவாகிப் போயிற்று.

நிலத்துக்குத் திரும்பிய விருந்துகள்

உண்டவர் நிலத்துக்குத் திருப்பித் தரும் முறை நம்மிடம் இல்லாமலில்லை. வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு எண்பது காணி நிலத்தை வழங்கியவர்கள் பார்வதிபுரத்து மக்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அடியார்களும் உழவர்களும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து தருகிறார்கள். மாறனாரின் அடுப்பு ஒரு வீட்டின் அடுப்பு. ஆகவே அவ்வீட்டோடு அதுவும் தாழ்ந்தது. வடலூர் அடுப்பு ஊரின் அடுப்பு. ஆகவே அது நிலைத்தது. காமராசர் காலத்தில் 1956ஆம் ஆண்டில் பள்ளி மதிய உணவுத் திட்டம் விரிந்தபோதும் அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் சேர்ந்தே சோறாயிற்று.

பிற நாட்டாரும் இதனை எண்ணியிருக்கிறார்கள். இத்தாலி நாட்டில் உழவர்கள் நிலத்தை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, 1985ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அந்நாட்டினர் 730ஆம் எண்ணுள்ள சட்டம் ஒன்றை இயற்றினார்கள். உழவர் தம் பண்ணை வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கலாம். ஆனால் உழவே முதற்தொழிலாக நிற்கவேண்டும். பரிமாறும் உணவில் பெரும்பகுதி அப்பண்ணையில் விளைந்ததாக இருக்கவேண்டும். உழவர் குடும்பம் ஊரை விட்டுப் போகாதிருக்கச் செய்வது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2006ஆம் ஆண்டில் அதனிடத்தில் புதிய சட்டம் வந்தது. இம்முறையை அவர்கள் 'அக்ரிதுரிஸ்மோ' என்கிறார்கள். மரத்தடியில் நீண்ட மேசை. வீட்டார், விருந்தினர் எல்லோரும் ஒன்றாக அமர்கிறார்கள். ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் அவரையும் கனிரசமும் கைமாறுகின்றன. அங்கே உண்பவர் காசு கொடுக்கிறார். மாறனார் வீட்டில் காசில்லை. முறை வேறு. ஆனால் உண்டவர் விட்டுச்செல்லும் பொருள் அடுத்த விதைப்புக்கு உதவுகிறது என்ற அளவில், அந்த மேசையும் எங்கள் திண்ணையும் உறவுடையனவே.

களத்துமேட்டில் ஒரு பந்தி

இவ்வாண்டு தைத் திங்களில் என் விடுதி நண்பர்களும் வகுப்பு நண்பர்களுமாக எண்மரை எங்கள் ஊருக்கு அழைத்துச் சென்றேன். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு ஆகிய பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. களத்துமேட்டில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து இலை போட்டோம். புதுநெல்லுச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, முருங்கைக்கீரை, அவரைக்காய்ப் பொரியல், மோர். உப்பும் புளியும் எண்ணெயும்தான் கடையில் வாங்கியவை.

அடையாற்று நண்பன், "சோறு கொஞ்சம் கொழைஞ்சிருக்கேம்மா" என்றான். தாயார் சிரித்து, "புது நெல்லு அப்படித்தான் தம்பி இருக்கும். ஆறு மாசம் போனா விறைச்சுக்கும். அப்ப வந்து சாப்பிடு" என்றார். எங்கள் வயலில் நாற்று நட்ட பெண்கள் இருவரைத் தந்தையார் முதல் வரிசையில் அமரச் சொன்னார். அவர்கள் கூச்சத்தோடு பின்வாங்கினார்கள். "நட்டவங்க ஒக்காந்தப்புறம்தான் நான் ஒக்காருவேன்" என்று அவர் நின்றார். அவர்கள் அமர்ந்தார்கள். முதற்சோறு அவர்கள் இலையில் விழுந்தது. என் பாட்டியார் தூணில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

உண்டு முடித்த பின் பேச்சு விதையின்பால் திரும்பியது. இருக்கும் இரண்டு ஏக்கரை அடுத்த ஆண்டு தரிசாகப் போட்டுவிடலாமா என்று தந்தையார் எண்ணிக்கொண்டிருப்பதை அன்றுதான் நானும் அறிந்தேன். ஆட்கூலி, உரம், வியாபாரி கேட்கும் விலை என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. அவருக்கு உழக்கும் மிஞ்சவில்லை. நண்பர்கள் பேசாமல் கேட்டார்கள். என் கல்விச் செலவும் அந்தக் கணக்கில் ஒரு வரி என்பதை அவர் சொல்லவில்லை, நான் அறிவேன்.

சென்னை திரும்பிய மறுவாரம் மந்தைவெளி நண்பன் தன் வீட்டாரிடம் பேசிவிட்டு வந்தான். ஆண்டுக்கு வேண்டிய அரிசியை எங்கள் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதாகவும், பாதித் தொகையை விதைப்புக்கு முன்பே தருவதாகவும் அவன் தாயார் சொல்லியிருந்தார். பிறகு இன்னும் ஐந்து வீட்டார் சேர்ந்தார்கள். ஆறு வீடுகளால் உழவரின் துயர் தீர்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. எங்கள் இரண்டு ஏக்கருக்குக்கூட அது போதாது. ஆனால் தந்தையாரிடம் தொலைபேசியில் இச்செய்தியைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "எந்தெந்த வீடுடா?" என்பதே. பெயர்களைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு விதைக்கு நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.

முடிவுரை

மாறனாரின் விருந்தைப் போற்றுவது எளிது. ஆயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறோம்; ஆண்டுதோறும் பல்லக்கில் சுமந்து வீதிவலம் வருகிறோம். அவரைப் போலத் தம்மை முழுதும் வெறுமையாக்கிக் கொடுக்கச் சிலராலேயே முடியும். ஆனால் உண்டவராக நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நமக்குச் சோறிட்டவர் இரவில் மழையில் விதையை வாரப் புறப்படுமுன் அவர் வாசலுக்குச் செல்வது. இதற்கு அருள்நிலை வேண்டியதில்லை. அக்கறை இருந்தால் போதும்.

மாணவ நண்பர்களே, வருகிற பங்குனியில் மாட வீதியில் நமக்குத் தொன்னையில் சோறு தருவார்கள். மகிழ்ச்சியோடு வாங்கி உண்போம். கூடவே, "இது எந்த ஊர் நெல்?" என்று கேட்போம். கொடுப்பவருக்கு விடை தெரியாமல் போகலாம். கேள்வி பழகிவிட்டால், அடுத்த ஆண்டு அவரும் கடைக்காரரிடம் கேட்பார். என் தந்தையார் இம்முறையும் விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சிறு மூட்டை அரிசியும் கொண்டுவரப் போகிறாராம். சென்ற ஆண்டு உண்ட பந்தலில் கொடுப்பதற்கு.